தாமதமாகத் தெரிந்த புராஸ்டேட் புற்றுநோய்: எப்போது அது மருத்துவரின் பிழை?

1999-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்தது இது. குடும்ப மருத்துவத்தில் பயிற்சியில் இருந்த டேனியல் மெரன்ஸ்டீன் என்ற இளம் மருத்துவரிடம், நன்கு படித்த 53 வயதுக்காரர் ஒருவர் பொதுவான உடல் பரிசோதனைக்கு வந்தார். மெரன்ஸ்டீன் அவரிடம் பல விஷயங்களைப் பேசினார். அவற்றில் ஒன்று, ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய்க்காக எடுக்கப்படும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை. அதை எடுத்தால் என்ன நன்மை, என்ன பாதிப்பு வரலாம் என்று விளக்கிவிட்டு, விளக்கியதைக் கோப்பிலும் எழுதிவைத்தார். பரிசோதனை எடுக்கப்படவில்லை. பிறகு அந்த மனிதர் வேறொரு மருத்துவரிடம் போனார். அவர் இதைப் பற்றி எதுவும் பேசாமல், மற்ற ரத்தப் பரிசோதனைகளோடு பி.எஸ்.ஏ.-வையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். அளவு மிக அதிகமாக வந்தது. புற்றுநோய் குணப்படுத்த முடியாத கட்டத்தை எட்டியிருந்தது.

வழக்கு 2003-இல் விசாரணைக்கு வந்தது. நோயாளியிடம் எடுத்துச் சொல்லுங்கள், அவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள் என்பதுதான் அன்றைய தேசிய அளவிலான மருத்துவ வழிகாட்டுதல். மெரன்ஸ்டீன் அதைத்தான் செய்திருந்தார். ஆனால் நோயாளியின் வழக்கறிஞர், வர்ஜீனியாவிலேயே தொழில் செய்யும் நான்கு மருத்துவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். ஐம்பது தாண்டிய ஆண் வந்தால் நாங்கள் பேசிக்கொண்டிருப்பதில்லை, பி.எஸ்.ஏ. எடுத்துவிடுவோம் என்று அவர்கள் சொன்னார்கள். ஜூரி மெரன்ஸ்டீனை விடுவித்தது. அவருக்குப் பயிற்சி கொடுத்த நிறுவனம் 10 லட்சம் டாலர் தர வேண்டும் என்று முடிவு செய்தது. இந்தக் கதையை அவரே 2004 ஜனவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார். விசாரணைக்கு முந்தைய ஆண்டில், தன்னிடம் வந்த நோயாளிகள் எல்லாம் நாளை வழக்குப் போடக்கூடியவர்களாகவே தெரிந்தார்கள் என்றும், பி.எஸ்.ஏ. பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டு நிறையப் பரிசோதனைகள் எழுதிக் கொடுக்கத் தொடங்கியதாகவும் அதில் சொல்லியிருந்தார்.

அந்தத் தீர்ப்பு சரியில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அதைச் சும்மா ஒதுக்கிவிடவும் முடியாது. ஒரு மனிதருக்கு நோய் முற்றிய பிறகுதான் தெரிந்தது என்பதும் உண்மை, மருத்துவர் அன்றைய அறிவியல் சொன்னபடி நடந்தார் என்பதும் உண்மை. புராஸ்டேட் புற்றுநோய்த் தாமத வழக்குகளில் இந்த இரண்டு உண்மைகளும் அடிக்கடி மோதிக்கொள்கின்றன. மற்ற புற்றுநோய்களைவிட இதில் அதிகமாக மோதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது பி.எஸ்.ஏ. என்ற அந்தப் பரிசோதனையிலேயே இருக்கிறது.

ஒரே எண், பல அர்த்தம்

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம். அது கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமுக்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டும் என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் எல்லைக்கோடு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1986-இல் இந்தப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது, ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்களைக் கண்காணிக்க மட்டும்தான். நோயைக் கண்டுபிடிக்கவும் பயன்படுத்தலாம் என்ற அனுமதி 1994-இல்தான் வந்தது.

சிக்கல் என்னவென்றால், இந்த அளவு புற்றுநோயால் மட்டும் ஏறுவதில்லை. வயதாகும்போது புராஸ்டேட் வீங்கினால் ஏறும். சிறுநீர்த் தொற்று இருந்தால் ஏறும். 4-க்கும் 10-க்கும் இடைப்பட்ட அளவு வருபவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் பயாப்ஸியில், அதாவது திசுவைத் துண்டெடுத்துப் பார்க்கும் சோதனையில், புற்றுநோய் தெரியும். மறுபக்கம், 4-க்குக் கீழே இருந்தவர்களுக்கும் பயாப்ஸி செய்து பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், சுமார் 15 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் இருந்தது.

அப்புறம், கண்டுபிடித்த புற்றுநோய் எல்லாமே ஆளைக் கொல்லும் புற்றுநோய் என்றும் இல்லை. பெரும்பாலானவை மெதுவாக வளர்பவை. எழுபது வயதில் உள்ளே இருப்பது தெரியாமலே, எண்பத்தைந்தில் மாரடைப்பால் இறந்துபோகிறவர்கள் ஏராளம். அப்படிப்பட்டவருக்கு அறுவை சிகிச்சை செய்தால் அவருக்கு மிஞ்சுவது சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும்தான். இதனால்தான் மருத்துவ உலகம் முப்பது ஆண்டுகளாக இதில் ஒரு முடிவுக்கு வராமல் இருக்கிறது. 2009 மார்ச்சில் ஒரே மருத்துவ இதழில் இரண்டு பெரிய ஆய்வுகள் சேர்ந்து வெளிவந்தன. ஐரோப்பிய ஆய்வு, பி.எஸ்.ஏ. பார்ப்பதால் புராஸ்டேட் புற்றுநோய் மரணங்கள் சுமார் 20 விழுக்காடு குறைகின்றன என்றது. அமெரிக்க ஆய்வு, எந்தக் குறைவும் இல்லை என்றது. பரிசோதனை செய்யாத குழு என்று அமெரிக்க ஆய்வில் வைக்கப்பட்டவர்களில் பலர் வெளியே போய்ப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார்கள் என்பது பிறகு தெளிவானது. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2012-இல் இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்றது. 2018-இல், 55 முதல் 69 வயதுவரை மருத்துவரோடு பேசி அவரவர் முடிவெடுக்கலாம், 70-க்கு மேல் வேண்டாம் என்று மாற்றிக்கொண்டது.

2025 மே மாதம் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கு, எலும்புக்குப் பரவிவிட்ட தீவிரமான புராஸ்டேட் புற்றுநோய் என்று அறிவிக்கப்பட்டபோது, உலகத்திலேயே மிகச் சிறந்த மருத்துவக் கவனிப்பில் இருந்தவருக்கு எப்படி இது தெரியாமல் போனது என்று பலர் கொதித்தார்கள். கடைசியாக அவருக்கு பி.எஸ்.ஏ. எடுத்தது 2014-இல் என்று அவர் தரப்பு சொன்னது. அப்போதே அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. வழிகாட்டுதல்படி பார்த்தால், அதற்குப் பிறகு எடுக்காமல் இருந்தது பிழையே இல்லை. கேட்கும்போது மனம் ஒப்பவில்லை. ஆனால் சட்டம் நிற்கும் இடம் அதுதான்.

எனவே "அவர்கள் பரிசோதனையே எழுதிக் கொடுக்கவில்லை" என்ற குற்றச்சாட்டை மட்டும் வைத்துப் போடும் வழக்கு பொதுவாக வலுவற்றது. எந்த அறிகுறியும் இல்லாத, குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லாத ஒருவருக்கு பி.எஸ்.ஏ. எடுக்காததை, பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் இன்றும் சரி என்றே சொல்வார்கள். இங்கிலாந்தில் 1957-இல் வந்த போலம் தீர்ப்பு முதல், அந்த ஒரு சாரார் இருந்தாலே மருத்துவருக்குப் பாதுகாப்புதான். அந்தக் கருத்து தர்க்கத்துக்கு நிற்க வேண்டும் என்ற நிபந்தனையை 1997-இல் பொலித்தோ வழக்கு சேர்த்தது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் போலம் அளவுகோலையே எடுத்துக்கொண்டது.

எடுத்த பரிசோதனையைப் பார்க்காமல் விடுவது

வழக்குகள் வலுப்பெறும் இடம் வேறு. பரிசோதனை எடுக்கப்பட்டிருக்கும். அளவு அதிகம் என்று ஆய்வகம் தடித்த எழுத்தில் அச்சடித்தும் கொடுத்திருக்கும். அந்தத் தாளை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அல்லது பார்த்து, "ஆறு மாசம் கழிச்சு மறுபடி எடுக்கலாம்" என்று சொல்லியிருப்பார்கள், அந்த ஆறு மாதம் மூன்று வருடம் ஆகியிருக்கும். இங்கே வழிகாட்டுதல்களுக்கிடையே எந்தச் சண்டையும் இல்லை. உயர்ந்த அளவைத் தெரிந்துகொண்டும் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் விடலாம் என்று சொல்லும் மருத்துவர் குழு எங்குமே கிடையாது. திரும்ப எடுக்க வேண்டும், தொற்று இருந்தால் குணப்படுத்திவிட்டுச் சில வாரங்களில் மறுபடி பார்க்க வேண்டும், அப்போதும் இறங்கவில்லை என்றால் சிறுநீரியல் நிபுணரிடம் அனுப்ப வேண்டும், எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் பயாப்ஸி. எல்லாருக்கும் தெரிந்த பாதை இது. இதில் எந்தப் படியில் அறுந்தது என்பதைக் காட்டிவிட்டால் கவனக்குறைவு ஏறக்குறைய நிறுவப்பட்டுவிடும்.

இதற்குள் ஒரு கண்ணி இருக்கிறது, நம் ஊரில் பலருக்குத் தெரியாது. புராஸ்டேட் வீக்கத்துக்காக ஃபினாஸ்டரைடு அல்லது டூட்டாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் பி.எஸ்.ஏ. அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். எனவே ரிப்போர்ட்டில் 3.5 என்று இருந்தால் அதை 7 என்று படிக்க வேண்டும். ஆய்வகத்துக்கு நோயாளி என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியாது, அது 'நார்மல்' என்றே அச்சடிக்கும். மாத்திரையை எழுதிக் கொடுத்த மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால், என் பார்வையில் அதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. மாத்திரை சாப்பிடும்போது அளவு கீழேயிருந்து மெல்ல ஏறத் தொடங்கினால், 4-ஐத் தொடாவிட்டாலும் அது எச்சரிக்கைதான்.

இன்னொரு வகை, அறிகுறிகளைத் தவறாகப் படிப்பது. அறுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவருக்கு இடுப்பு வலி. தேய்மானம் என்று சொல்லி வலி மாத்திரையும் தடவுகிற ஜெல்லும் கொடுத்து மாதக்கணக்கில் ஓட்டுவது எங்கும் நடக்கிறது. புராஸ்டேட் புற்றுநோய் பரவுவதற்கு மிகவும் விரும்பும் இடம் எலும்பு, அதிலும் முதுகெலும்பும் இடுப்பெலும்பும். வயதான ஆணுக்குப் புதிதாக வந்த, படுத்தாலும் குறையாத, இரவில் கூடும் முதுகுவலி என்றால் பி.எஸ்.ஏ. நினைவுக்கு வர வேண்டும். கால் மரத்துப்போகிறது, நடை தடுமாறுகிறது, சிறுநீர் கட்டுகிறது என்று அவர் சொன்னால், கட்டி தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருக்கலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் 24 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. இந்த வகை வழக்குகளில் ஒரு தெளிவும் உண்டு. புற்றுநோயை முன்பே குணப்படுத்தியிருக்க முடியுமா என்பது விவாதத்துக்குரியதாக இருக்கலாம். ஆனால் நேற்றே கண்டுபிடித்திருந்தால் நடந்திருப்பார், இன்று நடக்க முடியவில்லை என்பதில் விவாதம் குறைவு.

பயாப்ஸித் துண்டுகளைத் தவறாகப் படிப்பதும், மாற்றி வைப்பதும் அரிதாக நடக்கும். அது இரண்டு பக்கமும் வெட்டும். ஒருவருக்கு இருந்த நோய் தவறிப்போகும், இன்னொருவருக்கு இல்லாத நோய்க்கு அறுவை நடக்கும். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் புற்றுநோயே இல்லாத ஒருவருக்கு, மாதிரிகள் மாறிப்போனதால், புராஸ்டேட்டை எடுத்துவிட்டார்கள். 2019-இல் ஜூரி அவருக்கு 1.2 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கியது. தேவையில்லாத சிகிச்சையும் எவ்வளவு பெரிய சேதம் என்பதற்கு இது அத்தாட்சி. "எல்லாருக்கும் பரிசோதனை எடுத்துவிட்டால் போதுமே" என்று எளிதாகச் சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தாமதத்தால் என்ன கெட்டது?

சரி, கவனக்குறைவு என்று நிரூபித்தாயிற்று. வழக்கு அதோடு முடிவதில்லை. உண்மையில் கடினமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது. அந்தத் தாமதம் இல்லாமல் இருந்திருந்தால் இந்த நோயாளியின் நிலை வேறாக இருந்திருக்கும் என்று காட்ட வேண்டும்.

மெதுவாக வளரும் நோய் என்பதால் எதிர்த்தரப்புக்கு இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. புற்றுநோய் சாதுவானது என்றால், "இரண்டு வருடத்தில் என்ன ஆகிவிடும், இப்போதும் அதே சிகிச்சைதானே" என்பார்கள். தீவிரமானது என்றால், "அன்றைக்கே பரவியிருக்கும், அப்போது கண்டுபிடித்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது" என்பார்கள். முதல் வாதத்துக்கு வலுவான ஆதாரம் உண்டு. புரோடெக்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வின் 15 ஆண்டு முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்த புற்றுநோய் உள்ளவர்களை அறுவை, கதிர்வீச்சு, வெறும் கண்காணிப்பு என்று மூன்று குழுக்களாகப் பிரித்துத் தொடர்ந்தார்கள். எந்தக் குழுவிலும் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் சுமார் 2 முதல் 3 விழுக்காடுதான். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 9.4 விழுக்காட்டினருக்கு நோய் பரவியது, அறுவை செய்தவர்களில் அது 4.7 விழுக்காடு. நோயாளியின் வழக்கறிஞர் பிடித்துக்கொள்ள வேண்டிய எண் இது.

நோயாளி தரப்பு நிரூபிக்க வேண்டியது ஓர் இடைப்பட்ட நிலையை. தவறிய நாளில் கட்டி சுரப்பிக்குள் இருந்தது, கண்டுபிடித்த நாளில் வெளியே போய்விட்டது. இதற்குப் பழைய பி.எஸ்.ஏ. அளவுகள் எல்லாம் வேண்டும். 2019-இல் 5, 2021-இல் 9, 2023-இல் 40 என்று இருந்தால், அளவு இரட்டிப்பாக எடுத்துக்கொண்ட காலத்தைக் கணக்கிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் நோய் எங்கே இருந்திருக்கும் என்று புற்றுநோய் நிபுணர் மதிப்பிட முடியும். பயாப்ஸியில் கிடைத்த கிளீசன் மதிப்பெண் கட்டியின் குணத்தைச் சொல்லும். 6 என்றால் சாது, 8 முதல் 10 வரை முரடு. 7-தான் அதிகம் வாதாட இடம் கொடுக்கும் எண், ஏனென்றால் தாமதம் உண்மையிலேயே வித்தியாசத்தை உண்டாக்கக்கூடிய நோய்கள் அந்த நடுப்பகுதியில்தான் நிறைய இருக்கின்றன.

இங்கே சட்டம் நாட்டுக்கு நாடு பிரிகிறது. ஒரே மாதிரியான இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் புராஸ்டேட் பற்றியவை இல்லை, ஆனாலும் அந்தந்த இடத்தில் தாமத வழக்குகளை ஆள்கின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1983-இல் ஹெர்ஸ்கோவிட்ஸ் வழக்கு. நுரையீரல் புற்றுநோய் ஆறு மாதம் தாமதமாகத் தெரிந்ததால், பிழைக்கும் வாய்ப்பு 39 விழுக்காட்டிலிருந்து 25-ஆகக் குறைந்தது. தாமதம் இல்லாவிட்டாலும் பிழைத்திருக்கும் வாய்ப்பு பாதிக்கும் குறைவுதான், ஆனாலும் வழக்கை ஜூரிக்கு அனுப்பலாம் என்றது மாநில உச்ச நீதிமன்றம். பறிபோன வாய்ப்புக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பது அதன் பார்வை. இங்கிலாந்தில் 2005-இல் கிரெக் எதிர் ஸ்காட் வழக்கு. அக்குளில் இருந்த கட்டியை மருத்துவர் சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று விட்டுவிட்டார், அது நிணநீர்ப் புற்றுநோய். ஒன்பது மாதத் தாமதம். வாய்ப்பு 42 விழுக்காட்டிலிருந்து 25-ஆகக் குறைந்தது. அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், இழப்பீடு இல்லை என்றது. தொடக்கத்திலேயே வாய்ப்பு 50-க்குக் கீழே இருந்ததால், தாமதம்தான் கெடுத்தது என்று 'பெரும்பாலும் உண்மை' என்ற அளவுக்கு நிரூபணமாகவில்லை என்பது காரணம்.

இந்த ஆங்கிலேய விதி கொடுமையானது என்று எனக்குத் தோன்றுகிறது. அதன்படி 51 விழுக்காடு வாய்ப்போடு வந்தவரைக் கெடுத்தால் முழு இழப்பீடு, 49 விழுக்காட்டோடு வந்தவரைக் கெடுத்தால் ஒன்றுமில்லை. நோய் முற்றி வரும் ஏழைகளும் கிராமத்தவர்களும்தான் பெரும்பாலும் ஐம்பதுக்குக் கீழே இருப்பார்கள். ஏற்கெனவே பலவீனமான நிலையில் வருபவரிடம் எவ்வளவு அலட்சியமாக இருந்தாலும் கணக்கில் வராது என்று சட்டம் சொன்னால், அங்கே கவனம் தளர்வதற்கு வழிவிட்டதாகத்தான் ஆகும். மறுபக்கத்தில் இருக்கும் நியாயத்தையும் மறுக்கவில்லை: ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் பணம் என்று போனால், பொது மருத்துவச் சேவைக்கு அது மிகப் பெரிய சுமையாகிவிடும் என்று நீதிபதிகள் அஞ்சினார்கள்.

காலக்கெடு

நோய் மெதுவாக வளர்ந்துகொண்டிருக்கும்போதே சட்டத்தின் கடிகாரம் ஓடி முடிந்துவிடலாம். நியூயார்க்கில் இதற்காகவே ஒரு சட்டத்தைத் திருத்தினார்கள். 2010-இல் அரசு மருத்துவமனை ஒன்றில் எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தது, அதை லாவெர்ன் வில்கின்சன் என்ற பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவந்தபோது வழக்குப் போடும் காலம் முடிந்திருந்தது. 2013-இல் அவர் இறந்தார். 2018-இல் அவர் பெயரால் அழைக்கப்படும் சட்டம் வந்தது: புற்றுநோயைக் கண்டுபிடிக்கத் தவறிய வழக்குகளில், தவறு நடந்த நாளிலிருந்து எண்ணாமல், அது நோயாளிக்குத் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து இரண்டரை ஆண்டு. ஆனாலும் தவறு நடந்து ஏழு ஆண்டுக்கு மேல் போக முடியாது. இங்கிலாந்தில் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு.

இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இரண்டே ஆண்டு. எந்த நாளிலிருந்து என்பதை உச்ச நீதிமன்றம் 2010-இல் ஒரு வழக்கில் விளக்கியது. பாதிப்பு வெளிப்படையாகத் தெரிந்தால் அன்றிலிருந்து. உள்ளே மறைந்திருந்தால், நோயாளி நியாயமான அக்கறையோடு அதைக் கண்டறிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து. வயிற்றுக்குள் வைத்து மறந்த துணியைப் பற்றிய அந்த வழக்கில், ஒன்பது ஆண்டுகள் வலியோடு இருந்தும் மருத்துவரிடம் திரும்பப் போகவில்லை என்பதைச் சொல்லி, வழக்குத் தொடுத்த பெண்ணுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது.

நம் ஊர் நிலவரம்

இந்தியாவில் மக்கள்தொகை அளவில் பரிசோதிக்க அரசு தேர்ந்தெடுத்திருப்பவை மூன்று புற்றுநோய்கள்: வாய், மார்பகம், கருப்பை வாய். புராஸ்டேட் அதில் இல்லை. எனவே அரசு சுகாதார நிலையத்தில் உங்களுக்கு பி.எஸ்.ஏ. எடுக்கவில்லை என்று யார் மேலும் பழி போட இடமில்லை. ஆனால் நகரங்களிலும் சிறு நகரங்களிலும் கூட 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' இப்போது பெரிய வியாபாரம். ஐம்பது வயது தாண்டிய ஆண்களுக்கான தொகுப்பில் பி.எஸ்.ஏ. பெரும்பாலும் சேர்ந்தே வரும். காலையில் வெறும் வயிற்றில் போகிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள், இட்லி கொடுக்கிறார்கள், சாயங்காலம் ஒரு தடித்த ஃபைல் கைக்கு வருகிறது. முடிவில் மருத்துவர் ஐந்து நிமிடம் பேசுவார், அந்த ஐந்து நிமிடமும் சர்க்கரைக்கும் கொழுப்புக்குமே சரியாக இருக்கும். பதினேழாவது பக்கத்தில் பி.எஸ்.ஏ. 8 என்று இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வந்து பிள்ளைகள் கேட்டால், "எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க" என்கிறார் அப்பா.

பணம் வாங்கிக்கொண்டு பரிசோதனை செய்து, அதன் முடிவைப் படித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்ட நிறுவனம் அதைச் செய்யவில்லை என்றால், அது சட்டத்தின் மொழியில் சேவைக் குறைபாடு. மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லாருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்களை மட்டும் அந்தத் தீர்ப்பு வெளியே வைத்தது. 2019-இல் வந்த புதிய சட்டத்திலும் மருத்துவச் சேவைக்கு விலக்கு இல்லை என்பதை 2022-இல் மீண்டும் உறுதிசெய்தார்கள். எந்த நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது என்பதைக் கேட்கும் இழப்பீட்டை வைத்து முடிவு செய்வதில்லை, செலுத்திய கட்டணத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். 50 லட்சம் ரூபாய்வரை கட்டணம் செலுத்தியிருந்தால் மாவட்ட ஆணையம். ஐயாயிரம் ரூபாய்ச் செக்கப்பில் நடந்த தவறுக்குக் கோடி ரூபாய் கேட்டாலும் மாவட்டத் தலைநகரிலேயே மனு கொடுக்கலாம். 5 லட்சம்வரை கட்டணம் என்றால் மனுவுக்குப் பணமும் கட்ட வேண்டாம்.

குற்றவியல் புகார் வேறு. கோபத்தில் பலர் முதலில் காவல் நிலையத்துக்குத்தான் போகிறார்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் மருத்துவருக்கு இரண்டு ஆண்டுவரை தண்டனை இருந்தாலும், அது அலட்சியத்தால் மரணம் நிகழ்ந்தால்தான். அதற்கும் மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்பது ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. பார்க்காமல் விட்ட ரிப்போர்ட் அந்த உயரத்தை எட்டுவது அரிது. இழப்பீடு கிடைக்க வாய்ப்புள்ள வழியை விட்டுவிட்டு அங்கே அலைவதில் இரண்டு ஆண்டுக் கெடுவும் கரைந்துபோகும்.

தாமதத்தை இந்திய நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்பதற்கு, எனக்குத் தெரிந்து மிக நெருக்கமான முன்மாதிரி சென்னையிலிருந்து வந்தது. 1996-இல் எழும்பூர் அரசு மருத்துவமனையில், 29 வாரத்திலேயே, 1,250 கிராம் எடையோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு விழித்திரை பாதிப்பு வரலாம், குறிப்பிட்ட வாரங்களுக்குள் கண்ணைப் பரிசோதித்தால் பார்வையைக் காப்பாற்றலாம். அந்தப் பரிசோதனையும் நடக்கவில்லை, பெற்றோரிடம் யாரும் சொல்லவும் இல்லை. குழந்தை பார்வையை இழந்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கியது. அந்த வழக்கில் மருத்துவ உண்மையில் சந்தேகமே இல்லை: எந்தக் குழந்தைக்கு, எந்த வாரத்தில், என்ன பரிசோதனை என்று எல்லாப் பாடப்புத்தகமும் ஒரே குரலில் சொல்கிறது. அறிகுறி இல்லாத ஆணுக்கு பி.எஸ்.ஏ. எடுப்பதில் அந்த ஒரே குரல் இல்லை. உயர்ந்து வந்த பி.எஸ்.ஏ.-வைத் தொடர்வதில் இருக்கிறது. நம் வழக்கறிஞர்கள் மனுவை இந்த வேறுபாட்டின் மேல்தான் கட்ட வேண்டும். ஆனால் பல மனுக்களில் 'சரியாகக் கவனிக்கவில்லை' என்ற பொதுப் புலம்பலே பக்கம் பக்கமாக இருக்கிறது.

நிபுணர் சாட்சி கிடைப்பது நம் ஊரில் பெரும்பாடு. ஒரே நகரத்தில் தொழில் செய்யும் மருத்துவர் இன்னொருவருக்கு எதிராகக் கருத்து எழுதித் தரமாட்டார். எல்லா வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயம் இல்லை, தவறு பளிச்சென்று தெரியும் இடத்தில் அது இல்லாமலே முடிவு செய்யலாம் என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரிப்போர்ட்டைப் படிக்காமல் விட்டதை நிரூபிக்க இது உதவும். ஆனால் அந்தத் தாமதத்தால் நோய் பரவியது என்பதை நிரூபிக்க நிபுணர் வந்தே ஆக வேண்டும். வேறு மாநிலத்தில் தேடுவதுதான் பலருக்கும் கடைசியில் அமையும் வழி.

இதெல்லாம் கடைசியில் காகிதத்தில் போய் முடிகிறது. நோயாளியோ, அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. எழுத்தில் கேளுங்கள், கொடுத்ததற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதே விதிகள், உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்கின்றன. ஒரு நாள் செக்கப்புக்கு வந்துபோனவரின் ரிப்போர்ட்டுக்கு அந்த உத்தரவாதமும் இல்லை. ஐந்து, ஏழு ஆண்டுகள் எடுத்துப் பரவும் ஒரு நோய்க்கு மூன்று ஆண்டு என்பது எதற்கும் பற்றாது. பழைய பி.எஸ்.ஏ. அளவுகள் இல்லாமல் நோய் எந்த ஆண்டில் எங்கே இருந்தது என்று எந்த நிபுணரும் கணக்கிட முடியாது. ஆகவே ஐம்பது தாண்டிய ஆண்கள் உள்ள வீட்டில் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும், தேதி வாரியாக ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். தெர்மல் தாளில் அச்சான பில்கள் வெளுத்துப்போகும், அவற்றை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த ஃபைலைத் திறந்து பி.எஸ்.ஏ. இருக்கும் பக்கத்தைக் காட்டி, இது எவ்வளவு, போன முறை எவ்வளவு, இந்த மாத்திரையோடு சேர்த்துப் பார்த்தால் எவ்வளவு என்று கேளுங்கள். பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.